நான் உடைத்த கட்சி

ரங்கூனில் ஒரு பெரிய கட்சியை நான் தன்னந்தனியாக, ஒரே ஒரு தேக்குப் பலகையைக் கொண்டு உடைத்துவிட்டேன் என்று கொஞ்ச நாள் மனதார நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்க வேண்டாம். அன்று அந்த மேடையோரத்தில் என் இடத்தில் நின்றிருந்தால் நீங்களும் அப்படித்தான் நம்பியிருப்பீர்கள். என்ன, என் அளவுக்கு வேகமாக ஓடியிருக்க மாட்டீர்கள்.

போட்டாதாங்கில், ஆற்றையொட்டிய கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு மைதானம். பிற்பகல் வெயில் சாய்ந்து, ஆற்றிலிருந்து சேற்று வாடை வந்துகொண்டிருந்தது. தரை தெரியாமல் பாய், பாய் தெரியாமல் ஜனங்கள். ஆண்கள் வாயில் சுருட்டு, பெண்கள் வாயிலும் சுருட்டு. மேடையில் கட்சித் தலைவர் கைகூப்பி நிற்கிறார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு சயாடோ வருகிறார். ஒரு மடத்துக்குத் தலைவரான பெரிய பொங்ஜியை, அதாவது மூத்த பிக்குவை, பர்மாவில் அப்படிச் சொல்வார்கள். அவருக்குப் பின்னால் காவித் துணி உடுத்திய இளைய பொங்ஜிகள், எறும்பு வரிசைபோல.

சயாடோ மேடைப் படியருகே வந்தார். நின்றார். மேடையை ஒரு பார்வை பார்த்தார். கையிலிருந்த பனையோலை விசிறியை முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடித்தார். வந்த வழியே திரும்பி நடந்தார்.

இளைய பொங்ஜிகளும் திரும்பினார்கள். அவர்கள் பின்னால் கூட்டத்தில் பாதி எழுந்தது. யாரும் கத்தவில்லை, கல்லெறியவில்லை. அத்தனை பேர் ஒரே நேரத்தில் பாயை விட்டு எழுந்தால் ஒரு சரசரப்பு வருமே, அது மட்டும்தான்.

நான் மேடையைப் பார்த்தேன். சயாடோவுக்குப் போட்டிருந்த ஆசனத்தைவிடத் தலைவரின் நாற்காலி நாலு விரல் உயரமாக நின்றது. நாற்காலிக்கு அடியில் பலகை. செருகியவன் நான்.

நாற்காலிக்குக் கட்சி கிடையாது

சென்ற இதழைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு இருபது சொச்சம் வயது. முகல் தெருவில் ஒரு மரைக்காயருடைய வாடகைக் கடையில் வேலை. பாய், ஜமுக்காளம், நாற்காலி, பந்தல் சாமான், காஸ் விளக்கு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். காலையில் துரைசானி தேநீர் குடித்த நாற்காலியில் சாயங்காலம் நம் அம்மன் கோயில் நாதஸ்வரக்காரர் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேருக்கும் அது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் தொழில்.

பர்மியர்கள் நாற்காலிக்கு வைத்திருக்கும் பெயரே 'கலா டைங்'. மேற்கேயிருந்து வந்த அந்நியனுக்குக் 'கலா' என்று பெயர். கலா உட்காருகிற சாமான், ஆகவே கலா டைங். அவர்களுக்குப் பாய் போதும். கூட்டத்தில் நாற்காலி எத்தனை கூடுகிறது, பாய் எத்தனை குறைகிறது என்று பார்த்துக்கொண்டு வந்தாலே அந்தக் காலத்து அரசியல் பாதி விளங்கிவிடும். எனக்கு அப்போது விளங்கவில்லை. தூக்கிக்கொண்டு போகிறவனுக்குக் கனம்தான் விளங்கும்.

கட்சியின் நிஜப் பெயரை எழுதப்போவதில்லை. அதில் இருந்தவர்களின் பிள்ளைகள் இன்று பெரிய பெரிய இடங்களில் இருக்கிறார்கள். கொடியில் மயில் இருந்ததால் நாங்கள் 'மயில் கட்சி' என்போம். அது முளைத்தபோது பெண்கள் மெல்லிய சீமைத் துணியை மூட்டை கட்டிப் போட்டுவிட்டு, முரட்டுக் கைத்தறிக்கு மாறினார்கள். வெள்ளைக்காரன் போட்ட சட்டசபைக்குள் காலே வைப்பதில்லை என்று தலைவர் சபதம் செய்தார். அவர் சீமையில் படித்த பாரிஸ்டர். பேசினால் முன்வரிசைக்காரன் சுருட்டு அணைந்துபோனதுகூடத் தெரியாமல் வாயில் வைத்திருப்பான்.

அப்படி அணைந்த சுருட்டோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் கோ ஹ்லா தின். எங்கள் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அதனால் பெயருக்கு முன்னால் 'கோ', அண்ணன் என்பதுபோல. சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. 'சர்க்கார் சம்பளம் வாங்கும் கை நம் கொடியைப் பிடிக்க வேண்டாம்' என்று தலைவர் ஒரு கூட்டத்தில் சொன்னார். மறுநாள் காலை கோ வேலையை விட்டுவிட்டு வந்து எங்கள் கடைவாசலில் உட்கார்ந்தார்.

"மௌங் சுப்பையா, இன்றைக்கு உன் ரசத்தில் எனக்கும் பங்கு வை. நான் சுதந்திர மனிதன்," என்றார்.

தமிழ்த் தெருவிலேயே வளர்ந்தவர், நம்மைப்போலவே தமிழ் பேசுவார். 'மௌங்' என்பது தம்பிக்கு. எங்கள் வட்டாரத்தில் கட்சிக்கு அவர்தான் காரியதரிசி. மேடை போட்டுக்கொண்டிருக்கும்போது நான் வம்புக்கு இழுப்பேன்.

"கோ, சுயராஜ்யம் வந்தால் எனக்கு என்ன கிடைக்கும்?"

"கவர்னர் மாளிகையில் நாற்காலி போடும் உத்தரவு."

"வாடகைக்கா, சும்மாவா?"

"முதல் வருஷம் சும்மா. நாடு புதுசு இல்லையா."

மரைக்காயர் கணக்கு மேஜையிலிருந்தே குரல் கொடுப்பார். "நாற்காலிக்குக் கட்சி கிடையாதுடா சுப்பையா. நீயும் வைச்சுக்காதே."

நான் வைத்துக்கொண்டேன். கோவின் கட்சி என் கட்சி.

கட்சி வளர்ந்தது. டெல்டா ஊர்களிலிருந்து படகு படகாக ஆள் வந்தது. சில வருஷத்தில் தலைவருக்கு யோசனை மாறியது. வெளியே நின்று கத்தினால் போதாது, சட்டசபைக்கு உள்ளே போய் உடைப்போம் என்றார். சயாடோ ரொம்ப நாள் சம்மதிக்கவில்லை. கிராமத்து ஜனங்கள் தலைவர் பேச்சைக் கேட்பார்கள், ஆனால் சயாடோவைத்தான் நம்புவார்கள். கடைசியில், "போங்கள். ஆனால் வெள்ளைக்காரன் கையால் பதவி மட்டும் வாங்காதீர்கள்," என்று ஒரு நிபந்தனையோடு விட்டார். தேர்தல் வந்தது, மயில் ஜெயித்தது. போட்டாதாங் கூட்டம் அந்த வெற்றிக் கூட்டம்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சமயம் கூட்டங்களில் 'கலா' பேச்சும் கிளம்பியிருந்தது. கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறார்கள், நம் வேலையைப் பிடிக்கிறார்கள் என்று ஓரத்திலிருந்து குரல் வரும். கோ எழுந்து, "பாய் விரித்தவன் கலா, விளக்கு ஏற்றியவன் கலா, இருட்டில் தரையில் உட்கார உனக்குச் சம்மதமா?" என்பார். ஜனங்கள் சிரித்துவிடுவார்கள். ஆனால் அடுத்த கூட்டத்தில் அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் நடுவிலிருந்து வரும்.

மாப்பிள்ளை நாற்காலி

பொங்ஜி வருகிற மேடையில் அவர் ஆசனம்தான் எல்லாவற்றிலும் உயரம். கவர்னரே வந்தாலும் கீழேதான். இதற்கு நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். எல்லாம் போட்டு முடித்த பிறகு, ஆசனத்துக்கும் மற்ற நாற்காலிகளுக்கும் கையால் முழம் போட்டுப் பார்ப்பேன். ஆசனம் ஒரு முழம் உயர்ந்து நின்றால்தான் மேடையை விட்டு இறங்குவேன்.

கட்சியோடு தலைவரும் வளர்ந்திருந்தார். குறுக்குவாட்டில். சாதாரண நாற்காலியில் அவர் உட்கார்ந்து பேச்சைக் கேட்டால், பேச்சைவிட நாற்காலி அதிகம் பேசியது. வெற்றிக் கூட்டமாயிற்றே என்று, செட்டியார் வீட்டுக் கல்யாணங்களுக்கு நாங்கள் அனுப்பும் சிங்கமுக நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். அதுவே உயரம். மேடைப் பலகை நடுவில் தொய்ந்திருந்ததால் நாற்காலி ஆடியது.

நம் கல்யாணத்தில் மாப்பிள்ளை நாற்காலி ஆடினால் என்ன ஆகும்? பெண் வீட்டார் முகம் சுண்டிப்போகும், மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி அபசகுனம் என்று ஆரம்பிப்பாள். எத்தனையோ கல்யாணத்தில் திட்டு வாங்கிப் பழகிய கை இது. ஆடுகிற நாற்காலியைக் கண்டதும் என்னைக் கேட்காமலே பலகை எடுத்துச் செருகிவிட்டது. செருகி, அசைத்துப் பார்த்து, 'மாப்பிள்ளை விழமாட்டார்' என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். முழம் போடவில்லை.

சயாடோ திரும்பி நடந்தபோது இது அத்தனையும் ஒரே நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. கோவின் முகத்தைப் பார்த்தேன். மேடையில், தலைவருக்குப் பக்கத்தில், வெளுத்துப்போய் நின்றார். வேலையை விட்டு, ரசத்தில் பங்கு வாங்கி, அவர் கட்டிய கட்சி. ஒரு கலா சயாடோவை அவமானப்படுத்திவிட்டான், நாளைக் காலையில் தமிழ்த் தெருவுக்குத் தடியோடு வருவார்கள், முதலில் மரைக்காயர் கடை, அப்புறம் கோயில், அப்புறம் தெரு முழுக்க. என் மூளை அந்தக் கலவரத்தை ஆரம்பித்து, நடத்தி, முடித்து, செத்தவர்களுக்கு இரங்கல் தீர்மானமும் போட்டுவிட்டது. கால் அதற்குள் துறைமுகத்தில் இருந்தது.

தலைமறைவு வாழ்க்கை

த்வாண்டேயில் எனக்கு ஒரு அத்தை உண்டு. கால்வாய் வழியாக மோட்டார் படகு போகும். ஏறுவதற்கு முன்னால் மாறுவேடம் வேண்டுமே. துறையிலேயே ஒரு பர்மியத் தலைத்துணி வாங்கிக் கட்டினேன். பர்மியன் கட்டினால் அது காங்பாங். நான் கட்டியது காய்ச்சல்காரன் தலையில் போட்ட ஈரத்துணி மாதிரி இருந்தது. கீழே வேட்டி, நெற்றியில் காலையில் இட்ட திருநீறு. இந்த அழகில், என்னை யாராவது அடையாளம் கண்டுகொள்வார்களோ என்று பயம் வேறு.

எதிரே உட்கார்ந்திருந்த தாட்டியான ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். கூட்டத்தில் இருந்தவனோ? கால்வாய் முனை வந்தபோது எழுந்து என் பக்கம் வந்தான். நான் கந்த சஷ்டி விரதத்தில் ஆரம்பித்து நாகூர் வரைக்கும் வேண்டிக்கொண்டேன். நெருப்புப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டான். கொடுத்தேன். திருப்பித் தந்தபோது, "வைத்துக்கொள்ளுங்கள்," என்று கும்பிட்டேன். நெருப்புப் பெட்டிக்கு அத்தனை மரியாதை செய்தவனை அவன் அதற்கு முன்பு பார்த்திருக்க மாட்டான்.

த்வாண்டே பானை செய்கிற ஊர். துறையை ஒட்டி, ஆள் உயரச் சால்களை வரிசை வரிசையாகக் காயவைத்திருப்பார்கள். மாமா பானைப் படகோடு ஆற்றிலேயே இருப்பார். மீனாட்சி அத்தை துறையோரத்தில் சூளைக்காரர்களுக்கு ஆப்பம் சுட்டு விற்றாள். தொட்டுக்கொள்ளச் சட்னியும் உண்டு, ஙப்பியும் உண்டு. நாறுகிற அந்த மீன் விழுதை ஆப்பத்தோடு சாப்பிடுகிறவன் எதையும் தாங்குவான் என்பாள்.

என் கதையை முழுக்கக் கேட்டாள். கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"கட்சியை உடைச்சிட்டியா?"

"ஆமாம் அத்தை."

"போன தடவை வந்தப்ப என் உறியை உடைச்சே. அதுக்கே நீ ஒத்துக்கலையே."

"விளையாட்டில்லை அத்தை. கடையை மூடுங்கள். தேடி வருவார்கள்."

"உன்னைத் தேடியா? இந்த மூஞ்சிக்கு ரங்கூன்லேருந்து படகு ஏறி வருவாங்களா? தலையில இருக்கிற அந்தக் கந்தலைக் கழட்டு முதல்ல. மாவு ஆட்டணும்."

மாவு ஆட்டினேன். துறையில் படகு ஊதும்போதெல்லாம் ஆட்டுக்கல்லை விட்டுவிட்டுச் சால்களுக்குப் பின்னால் போய் நிற்பேன். படகிலிருந்து வாழைத்தார் இறங்கும், கோழி இறங்கும், திரும்பி வந்து மிச்ச மாவை ஆட்டுவேன். அந்த நாட்களில் த்வாண்டே ஆப்பத்தில் கொஞ்சம் கல்கூட இருந்திருக்கும். சூளைக்காரர்கள் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டார்கள்.

சாலுக்குப் பின்னால்

ஒரு முற்பகல் நிஜமாகவே கோ இறங்கினார். கூடவே இன்னொருவன், கட்சிக்காரன்தான், மேடைகளில் பார்த்த முகம். இருவரும் ஒரே படகில் வந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்து வந்தார்கள். நான் ஒரு சாலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

கோ அத்தையின் கடைமுன் குந்தி உட்கார்ந்தார். "அம்மா, சுப்பையா இங்கே வந்தானா?"

இதற்கென்று நான் அத்தைக்கு ஒரு பொய் சொல்லிக்கொடுத்திருந்தேன். நான் பினாங்குக்குக் கப்பலேறிவிட்டேன் என்று, கண்ணீரோடு.

"மூணாவது சால்," என்றாள் அத்தை. "சட்னி வைக்கட்டுமா, ஙப்பியா?"

வெளியே வந்தேன். கோ என்னை மேலும் கீழும் பார்த்தார். அடிக்கவில்லை. கையை நீட்டினார்.

"சாவி."

"என்ன சாவி?"

"கிடங்குச் சாவி. மரைக்காயர் உன்னைச் சபிக்கிற சத்தம் சூலே பகோடா வரைக்கும் கேட்கிறது. பூட்டு நல்ல பூட்டாம், உடைக்க மனசு வரவில்லையாம்."

அப்போதுதான் என் இடுப்புக்கயிற்றைத் தடவினேன். அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கட்சியின் பாரத்தைத் தாங்கியவனுக்கு ஒரு சாவியின் கனம் எப்படித் தெரியும்?

"கூட்டமா?" என்றேன்.

"எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. பாய் மட்டும் போதும்," என்றார் கோ.

கூட வந்தவன் ஆற்றைப் பார்த்தபடி, "எங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். எங்களுக்கு நாற்காலி," என்றான்.

எங்களுக்கு, எங்களுக்கு என்று இரண்டு தடவை வந்தது. கட்சி இரண்டாகிவிட்டது. சயாடோ பக்கம் கோ. தலைவர் பக்கம் இவன். சண்டை போடாமல் கிடங்கையும் பிரித்துக்கொண்டார்கள். பாய் அவர்களுக்கு, நாற்காலி இவர்களுக்கு.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு கூட்டமும் நடந்தது, இரண்டிலும் நல்ல கூட்டம். அதற்கப்புறம் பாய்க்காரர்கள் வரி கொடுப்பதா வேண்டாமா என்று இரண்டானார்கள். நாற்காலிக்காரர்கள் முதல் வரிசையில் யார் என்று மூன்றானார்கள். எல்லாக் கிளைக்கும் மயில்தான் கொடி. ஒன்றில் மயில் இடப்பக்கம் பார்க்கும், ஒன்றில் வலப்பக்கம், ஒன்று தோகை விரித்தது, ஒன்று மூடியது. எந்தக் கொடி எந்த மேடைக்கு என்று தெரியாமல் மரைக்காயர் என்னிடம் கேட்பார், நான் கோவிடம் கேட்பேன், கோ கையை விரிப்பார். பத்து வருஷம் ஆகிற சமயம், மேடையில் பேசுகிறவர்களே உட்கார்ந்து கேட்கவும் வேண்டிய அளவுக்குக் கூட்டங்கள் சுருங்கியிருந்தன. கடைசியாக எங்களிடம் கேட்டது ஒரு பெஞ்சு. அதிலும் ஓரத்தில் இடம் இருந்தது. ஓரத்துக் குரலாக இருந்த 'கலா' பேச்சு மட்டும் நடுமேடைக்கு வந்துவிட்டது. அது வேறு கட்சிகளுக்கு உதவியது.

கோ பழைய வேலைக்குத் திரும்பவில்லை, கேட்கவும் இல்லை. தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். என் ரசத்தில் பங்கு நிற்கவே இல்லை.

சரி, த்வாண்டேக்கு வருவோம். சாவியைக் கொடுத்துவிட்டேன். கோ ஆப்பம் சாப்பிடுகிறார். கூட வந்தவன் இரண்டடி தள்ளி உட்கார்ந்து அவனும் சாப்பிடுகிறான். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"பலகை," என்றேன்.

"என்ன பலகை?"

"தலைவர் நாற்காலிக்கு அடியில். ஆடியது என்று செருகினேன். முழம் போடவில்லை. சயாடோ ஆசனத்தைவிட நாலு விரல் உயரமாகிவிட்டது. அதைப் பார்த்துத்தானே அவர்..."

கோ மெல்லுவதை நிறுத்தினார். கூட வந்தவனும் நிறுத்தினான். பிரிந்த பிறகு முதல் தடவையாக இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ ஏதாவது பலகை பார்த்தாயா?" என்று கோ அவனைக் கேட்டார்.

"இல்லையே," என்றான் அவன்.

"இதற்காகவா ஓடினாய்?"

"கலா ஒருவன் சயாடோவை அவமானப்படுத்திவிட்டான் என்று ரங்கூன் பூரா..."

"யார் சொன்னது?"

யோசித்துப் பார்த்தேன். "யாரும் சொல்லவில்லை. நானேதான் சொல்லிக்கொண்டேன்."

அத்தை ஆப்பச் சட்டியைத் திருப்பிவைத்தாள். "உறியையும் அவன்தான் உடைச்சான்னு நான் சொல்லலை பாருங்க," என்றாள்.

கோ சிரிக்கவில்லை. இலையை மடித்துவைத்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"சயாடோ எங்கே உட்கார்ந்தாலும், அவருக்கு முன்னால் மடத்து ஆள் வந்து என்ன செய்வான்? நீதான் எத்தனை மேடை போட்டிருக்கிறாய்."

"ஆசனத்தின்மேல் அவருடைய விரிப்பைப் போடுவான். அது இல்லாமல் உட்காரமாட்டார்."

"அன்றைக்குப் போட்டானா?"

மேடையைக் கண்முன் கொண்டுவந்தேன். நாற்காலி தெரிந்தது, பலகை தெரிந்தது, ஆசனம் தெரிந்தது. ஆசனத்தின்மேல் எங்கள் கடை மெத்தை, வெறும் மெத்தை.

"மடத்து ஆள் வரவே இல்லை," என்றேன்.

"அவர் உட்காருவதற்காக வரவில்லை, சுப்பையா. தான் திரும்பிப் போவதை ஜனங்கள் பார்க்கட்டும் என்று வந்தார்."

கூட வந்தவன் எழுந்து கை கழுவத் துறைக்குப் போனான். அவன் போன பிறகுதான் கோ மிச்சத்தைச் சொன்னார்.

கூட்டம் நடந்த அன்று காலையில் தலைவர் கவர்னர் மாளிகைக்குப் போயிருக்கிறார். மந்திரி பதவி தருகிறோம் என்றார்கள், ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பொங்ஜிகள் உச்சிக்கு முன்னால் சாப்பிட உட்காருவதற்குள் சயாடோவுக்குச் செய்தி போய்விட்டது. மேடையில் பக்கத்திலேயே நின்ற கோவுக்கு யாரும் சொல்லவில்லை.